மார்ச் மாதப் புல்வெளியில் எதைப் பறிக்கலாம், எதைத் தொடக்கூடாது?

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் புதிதாகக் குடிவந்தவர் கேட்கிறார். குளிர் இன்னும் முழுதாகப் போகவில்லை, அதற்குள் ஊர்ப் பெரியவர்கள் கூடையும் சின்னக் கத்தியுமாகப் புல்வெளியிலும் காட்டோரத்திலும் குனிந்து எதையோ பறிக்கிறார்கள். கேட்டால் சாலட்டுக்கு என்கிறார்கள். நாமும் பறிக்கலாமா? சட்டம் தடுக்குமா? விஷச்செடி எது என்று எப்படித் தெரியும்? எதில் தொடங்குவது?

பறிக்கலாம், தாராளமாக. ஆனால் ஒரு சிக்கலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கீரைகள் ருசியாக இருக்கும் நாட்களும், அவற்றை அடையாளம் காண்பது கடினமாக இருக்கும் நாட்களும் ஒன்றேதான். பூ வந்துவிட்டால் எந்தச் செடியையும் படத்தோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லிவிடலாம். ஆனால் பூ வந்த பிறகு இலையில் கசப்பும் நாரும் ஏறிவிடும். நமக்கு வேண்டியது பூவில்லாத இளங்குருத்து. அதனால் காம்பு, நரம்பு, ரோமம், பால், வாசனை இவற்றை வைத்தே செடியைச் சொல்லத் தெரிய வேண்டும். பாதிப் பயம் இங்கிருந்துதான் வருகிறது. அந்தப் பயம் நியாயமானதும்கூட.

ஏன் இந்தப் பருவம்? பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் பாதி வரை இங்கே காட்டில் மரங்கள் மொட்டையாக நிற்கும். பீச் மரம் (பழம் தரும் பீச் அல்ல, காட்டு மரம்) தழைக்க ஏப்ரல் கடைசி ஆகிவிடும். அதுவரை தரைக்கு நேராக வெயில் விழும். கிழங்கிலும் வேரிலும் சத்தைச் சேர்த்து வைத்திருக்கும் செடிகள் அந்தச் சில வாரங்களுக்குள் இலைவிட்டு, பூத்து, விதைத்து முடித்துவிடப் பார்க்கும். முந்திய காலத்தில் இந்த ஊர்க்காரர்களுக்குக் குளிர்காலம் முழுக்க ஊறுகாய் போட்ட முட்டைக்கோசும் நிலவறைக் கிழங்கும்தான். அதைத் தின்று சலித்தவர்களுக்கு, பல் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தவர்களுக்கு, இந்தப் பச்சை இலை மருந்தாகவே இருந்திருக்கிறது. ஈஸ்டருக்கு முந்திய வியாழக்கிழமை பச்சையாக ஏதாவது சாப்பிடும் வழக்கம் ஜெர்மனியில் இன்னும் பல வீடுகளில் உண்டு.

சரி, எதில் தொடங்குவது? எல்லோரும் முதலில் காட்டுப்பூண்டுக்குத்தான் ஓடுவார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். தொடங்க நல்லது ஃபோகல்மீர என்கிற செடி. தோட்டத்திலும் காலி வயலிலும் திராட்சைத் தோட்டத்து வரிசைகளுக்கு நடுவிலும் பாய் விரித்தாற்போலப் படர்ந்து கிடக்கும். குளிரிலும் சாகாது, பனி விலகினால் போதும், பச்சையாக எட்டிப் பார்க்கும். இலை சிறியது, முட்டை வடிவம், நுனி கூர்மை, எதிரெதிரே இரண்டிரண்டாக இருக்கும்.

இதன் தண்டைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். தண்டின் ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய வெள்ளை ரோமங்கள் ஒரே வரிசையில் ஓடும். அடுத்த கணுவுக்கு வந்ததும் அந்த வரிசை வேறு பக்கத்துக்கு மாறிவிடும். அப்புறம் தண்டை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுங்கள். மேல்தோல் அறுந்து, உள்ளே ஒரு மெல்லிய நரம்பு ரப்பர் மாதிரி நீண்டு நிற்கும். ரோம வரிசை, உள்நரம்பு, கிள்ளினால் பால் வராதது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அது ஃபோகல்மீரதான். வாயில் போட்டால் இளஞ்சோளத்தைப் பச்சையாகக் கடித்த ருசி.

இதோடு குழம்பக்கூடியவை இரண்டு. ஒன்று கௌக்ஹைல். அதன் தண்டு நான்கு பட்டையாக இருக்கும், இலையின் அடிப்பக்கம் கரும்புள்ளிகள் இருக்கும், ரோம வரிசை கிடையாது. லேசான விஷம். இன்னொன்று, நம் ஊர் அம்மான் பச்சரிசிக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு களைகள். கிள்ளியதும் வெள்ளைப் பால் கசியும். அம்மான் பச்சரிசியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஃபோகல்மீர பழகிவிட்டால் அடுத்தது ஃபெல்ட்சலாட். உங்கள் ஸ்வாபியப் பகுதியில் இதை ஆக்கர்சலாட் என்பார்கள், சுவிட்சர்லாந்தில் நுஸ்லிசலாட். கடையில் டப்பாவில் வாங்குகிறீர்களே, அதே செடிதான். நெக்கார் ஆற்றங்கரைத் திராட்சைச் சரிவுகளில் தானாகவே முளைத்துக் கிடக்கும், கடைச் சரக்கைவிடச் சின்னதாக, கெட்டி இலையோடு. கரண்டி வடிவ இலைகள் தரையோடு ஒட்டி ரோஜா இதழ் அடுக்காக இருக்கும். வேருக்குச் சற்று மேலே கத்தியால் அறுத்தால் கொத்து கலையாமல் முழுசாக வரும். மண்ணும் அதோடு வரும் என்பதால் மூன்று தண்ணீரிலாவது அலச வேண்டும். ஆனால் திராட்சைத் தோட்டம் ஒருவரின் சொத்து, மருந்து அடிக்கிற இடமும்கூட. உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அங்கே பறிக்காதீர்கள். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். எந்த வரிசைக்கு என்ன அடித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

பால்கனித் தொட்டியில் கேட்காமலே முளைக்கும் ஒரு சிறு செடியையும் கவனியுங்கள். கடுகுக் குடும்பத்துச் செடி, ஜெர்மனில் ஷவும்கிரவுட் என்பார்கள். இணை இணையாகச் சிறு வட்ட இலைகள், நுனியில் ஒன்று மட்டும் பெரிது. கடித்தால் மூக்கில் லேசாகக் கடுகு ஏறும். காய் முற்றிய பிறகு தொட்டால் விதை தெறிக்கும், அதனால்தான் அடுத்த வருடம் எல்லாத் தொட்டியிலும் அதுவே இருக்கும். தோட்டக்காரர்கள் திட்டிக்கொண்டே பிடுங்குவதை நீங்கள் சாலட்டில் போடலாம். டெய்சிப் பூச்செடியின் இலையும் மொட்டும்கூட ஆகும், ஆனால் அதன் ருசியை நான் பெரிதாகப் புகழ மாட்டேன். தட்டில் பார்க்க அழகு, அவ்வளவுதான்.

லோவென்சான், அதாவது ஆங்கிலத்தில் டான்டிலயன் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் மஞ்சள் பூச்செடி, உண்மையான சாலட் கீரை. பல் பல்லாக வெட்டிய இலை, ரோமமில்லாத வழவழப்பு, கிள்ளினால் வெள்ளைப் பால். பூத்தண்டு வந்துவிட்டால் இன்னும் எளிது: கிளை பிரியாது, உள்ளே குழாய், ஒரு தண்டுக்கு ஒரே பூ. ஆனால் நமக்கு வேண்டியது அதற்கு முந்திய நிலை. கொத்தின் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். மொட்டு தரையோடு ஒட்டி, பட்டன் மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்த நிலை வரைக்கும் இலை நன்றாக இருக்கும். மொட்டு மேலெழும்பத் தொடங்கியதும் கசப்பு ஏறும். புற்றுமண்ணுக்கு அடியிலோ பழைய இலைக் குப்பைக்கு அடியிலோ முளைத்து, வெயில் படாமல் வெளிறிப்போன இலை கிடைத்தால் விடாதீர்கள். கசப்பு பாதிதான் இருக்கும். பிரான்சில் இதற்காகவே செடிமேல் தொட்டியைக் கவிழ்த்து வைத்து வளர்ப்பார்கள்.

இதே மாதிரி பல்வெட்டு இலையோடு தரையில் ஒட்டி வளரும் க்ரைஸ்கிரவுட் வகைகளோடு மட்டும் ஜாக்கிரதை. அவற்றில் கல்லீரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் உண்டு. 2009 இல் ஜெர்மனியில் கடையில் விற்ற ருக்கோலாப் பொட்டலத்துக்குள்ளேயே இந்தக் களை கலந்து வந்து, அது பெரிய செய்தியாயிற்று. நட்டுப் பயிர் செய்தவர் வயலிலேயே கலந்தது என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! வழி எளிது: அதைக் கிள்ளினால் பால் வராது. லோவென்சான் என்று நினைத்த இலையில் பால் இல்லை என்றால் கீழே போட்டுவிடுங்கள்.

இப்போது காட்டுப்பூண்டு. இங்கே பேர்லௌக். மார்ச் நடுவில் ஈரமான இலையுதிர் காட்டுக்குள் நுழைந்தால் செடி கண்ணில் படுமுன்னே வாசனை வந்துவிடும். தென் ஜெர்மனியிலும் மத்திய ஜெர்மனியிலும் ஏராளம், வடக்கே போகப் போக அரிது. லைப்சிக் நகரத்து ஆற்றோரக் காடு முழுக்க இதுதான் கம்பளம். நெக்கார் கரையில் இருக்கும் எபர்பாக் என்ற ஊர் தன்னைப் பேர்லௌக் தலைநகரம் என்றே சொல்லிக்கொள்கிறது. வசந்தத்தில் வாரக்கணக்கில் கொண்டாடுகிறார்கள். உணவகங்களில் சூப், மவுல்டாஷன் என்னும் பூரணம் வைத்த மாவுப் பண்டம், வெண்ணெய் எல்லாவற்றிலும் அதுவே இருக்கும். பூண்டு பிடித்த நமக்கு இதைவிடச் சந்தோஷம் வேறு உண்டா?

ஆனால் இந்த ஊரில் கீரை பறித்தவர்கள் செத்துப்போன கதைகளில் பெரும்பாலானவை இந்தச் செடியைத் தேடிப் போனவர்களுடையவை. காரணம், இதே நாட்களில் இதே மாதிரி நீள இலையோடு இன்னும் மூன்று செடிகள் வரும்.

முதலாவது ஹெர்ப்ஸ்ட்சைட்லோஸ. ஈரப் புல்வெளியில் வளரும், காட்டு விளிம்பிலும் வரும். அதன் விஷம் கொல்சிசின். நமக்கு இது அந்நியமான விஷமில்லை. செங்காந்தள், கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, ஈழத்தில் கார்த்திகைப்பூ என்று எந்தப் பெயரில் உங்களுக்குத் தெரிந்தாலும் சரி, அதில் இருப்பதும் இதேதான். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். திண்டுக்கல், கரூர், திருப்பூர்ப் பக்கத்து விவசாயிகள் காந்தள் விதையை விளைவித்து விற்பதும் இந்தக் கொல்சிசினுக்காகத்தான். அளவோடு கொடுத்தால் யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வலிக்கு மருந்து. அளவு கொஞ்சம் மீறினாலும் உயிருக்கு உலை. கண்வலிக்கிழங்கைத் தின்றவர் கதை கேட்டு வளர்ந்தவர்கள் இந்தப் புல்வெளிச் செடியையும் அதே பயத்தோடு பார்த்தால் போதும்.

கொல்சிசினின் கொடுமை என்னவென்றால், அது உடனே காட்டிக்கொடுக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றும். நடுவில் சற்றுத் தேறினாற்போலவும் இருக்கும். அதற்குப் பிறகுதான் ரத்த அணுக்களும் சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படும். சமைத்தாலும் இந்த விஷம் போகாது. உலர்த்திய தீவனப் புல்லிலும் இருக்கும் என்பதால் குதிரை வளர்ப்பவர்களும் மாடு வளர்ப்பவர்களும் இந்தச் செடி கண்ட புல்வெளியை அஞ்சுவார்கள்.

இரண்டாவது மைக்ளோக்கன், மே மாதத்தில் வெள்ளை மணிப்பூ பூக்கும் செடி. காட்டிலேயே, சில நேரம் காட்டுப்பூண்டுக்குப் பக்கத்திலேயே வரும். இதன் விஷம் இதயத் துடிப்பைக் குலைக்கும். மூன்றாவது ஆரோன்ஸ்டாப். இது நம் சேம்பின் சொந்தக்காரச் செடி. சேம்பைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் தொண்டை அரிக்குமே, அந்த ஊசிப் படிகங்கள் இதில் நிறைய. முற்றிய இலை அம்பு வடிவம், தெளிவாகத் தெரிந்துவிடும். ஆனால் முளைத்த புதிதில் அம்புக் காது விரியாமல் நீள இலையாக, காட்டுப்பூண்டுக் கூட்டத்துக்கு நடுவிலேயே நிற்கும்.

வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்பார்கள். முதல் இலைக்கு அது சரி. முதல் இலையைக் கசக்கி முகர்ந்த பிறகு உங்கள் விரலே பூண்டு மணக்கும். அதற்குப் பிறகு எந்த இலையைத் தொட்டு முகர்ந்தாலும் பூண்டுதான். அதனால் கண்ணையும் கையையும் நம்புங்கள். காட்டுப்பூண்டில் ஒவ்வொரு இலைக்கும் தனித் தனி மெல்லிய காம்பு, தரையிலிருந்து நேராக வரும். இலையின் அடிப்பக்கம் மங்கலாக இருக்கும், மேல்பக்கம்தான் பளபளப்பு. வளைத்தால் நடு நரம்பு பட்டென்று ஒடியும். மைக்ளோக்கனில் ஒரே தண்டில் இரண்டு இலைகள் ஒன்றையொன்று அணைத்துச் சுருண்டு வரும், அடிப்பக்கம் பளபளக்கும். ஹெர்ப்ஸ்ட்சைட்லோஸவில் காம்பே கிடையாது. தடித்த நீள இலைகள் கொத்தாக ஒரே இடத்திலிருந்து கிளம்பும். கொத்தை விலக்கிப் பார்த்தால் அடியில் பச்சை விதைக்காய் ஒளிந்திருக்கலாம். ஆரோன்ஸ்டாப்பின் நரம்புகள் வலைப்பின்னலாக ஓடும். மற்ற மூன்றிலும் நரம்புகள் நீளவாக்கில் இணையாக ஓடும்.

இதெல்லாம் தெரிந்தும் ஏமாறுவது அரிவாளால் அள்ளுபவர்கள்தான். ஒரு கைப்பிடியைப் பிடித்து ஒரே வெட்டில் அறுத்தால் நடுவில் எது வந்தது என்று யாருக்குத் தெரியும்? காட்டுப்பூண்டை இலை இலையாகத்தான் பறிக்க வேண்டும், ஒரு செடிக்கு ஓர் இலை. செடியும் பிழைக்கும், ஒவ்வொரு இலையும் உங்கள் கண்முன் ஒரு தடவை வந்து போகும். வீட்டுக்கு வந்து கழுவும்போது இன்னொரு தடவை பாருங்கள். யாராவது பை நிறையப் பறித்து வந்து அன்போடு கொடுத்தால்கூட நான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்து வைப்பேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கீர்ஷ் என்கிற களைச்செடி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. வேர்த்துண்டு ஒன்று மிச்சமிருந்தால் போதும், மறுபடி வந்துவிடும். முதல் இளம் இலை, இன்னும் விரியாமல் மடிந்து பளபளவென்று இருக்கும்போது, சாலட்டுக்கு அருமை. பார்ஸ்லியும் காரட்டும் கலந்த ருசி. அடையாளம் மூன்று: காம்பை விரல்களுக்கு நடுவில் உருட்டினால் முக்கோணமாகத் தட்டுப்படும், அது மூன்றாகப் பிரியும், ஒவ்வொரு பிரிவிலும் மூன்று இலை. ஆனால் இது கொத்தமல்லிக் குடும்பம். கொத்தமல்லி, சீரகம், சோம்பு எல்லாம் நமக்குத் தந்த அதே குடும்பத்தில்தான் ஷீர்லிங் என்கிற கொடிய விஷச்செடியும் இருக்கிறது. கீர்ஷின் இலை அகலமானது. ஷீர்லிங்கின் இலை கொத்தமல்லிபோல நுணுக்கமாகப் பிரிந்திருக்கும், தண்டில் செந்நிறப் புள்ளிகள், எலி மூத்திர வாடை. முதல் வருடம் இந்தக் குடும்பத்தில் நுணுக்க இலை உள்ள எதையும் தொடாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். காட்டு காரட், காட்டு பார்ஸ்லி என்று யார் ஆசை காட்டினாலும் வேண்டாம்.

ஷார்பொக்ஸ்கிரவுட் என்று ஒரு சிறு செடி. இதய வடிவத்தில் பளபளக்கும் இலை, ஈரத் தரையில் கூட்டமாக வரும். வைட்டமின் சி நிறைய, பழைய காலத்தில் ஸ்கர்வி நோய்க்கு இதைத்தான் தின்றார்கள். பளிச்சென்ற மஞ்சள் பூ வரும் வரைக்கும்தான் சாப்பிடலாம். பூ வந்ததும் இலையில் எரிச்சலூட்டும் நஞ்சு கூடிவிடும். அதற்கு முன்பும் சாலட்டில் சில இலை போதும்.

சவர்அம்ஃபர் புளிப்புக் கீரை. புளிச்சக்கீரை பிடித்தவர்களுக்கு உடனே பிடிக்கும். இலையின் அடியில் இரண்டு கூர்காதுகள் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். ஆக்ஸாலிக் அமிலம் அதிகம், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. பிரென்னெசல் தொட்டால் சுடும், நம் செந்தட்டியை மிதித்தவர்களுக்கு அந்த அனுபவம் புதிதில்லை. கையுறை போட்டு நுனிக் கொழுந்தைக் கிள்ளி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டால் சுணை அடங்கிவிடும். அது சாலட் கீரை இல்லை, ஆனால் பருப்போடு கடைந்தால் கடைக் கீரையைவிட நன்றாக இருக்கும்.

எங்கே பறிப்பது என்பது எதைப் பறிப்பது அளவுக்கு முக்கியம். ஜெர்மனியில் புல்வெளியில் மாட்டுச் சாண நீர் தெளிக்க நவம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை தடை. தடை முடிந்ததும் பிப்ரவரியில் டிராக்டர்கள் வரிசையாகக் கிளம்பிவிடும். அதாவது நீங்கள் கூடையோடு போகும் நேரத்தில் புல்வெளிக்கு அப்போதுதான் சாணம் அடித்திருப்பார்கள். மூக்கே சொல்லிவிடும். அப்படிப்பட்ட வெளியில் லோவென்சான் தளதளவென்று நிற்கும், ஆனால் சாலட்டுக்கு ஆகாது. நாய் நடத்தும் பாதையின் இரண்டு பக்கமும், பெரிய சாலையோரமும், ரயில் தண்டவாளத்து ஓரமும் வேண்டாம். தெரிந்தவர் வீட்டுத் தோட்டம், உரம் போடாத பழ மரத் தோப்பு, காட்டுக்குள் பாதையை விட்டுச் சற்று உள்ளே. இவை நல்ல இடங்கள். ஸ்வாபியாவில் ஆப்பிள், பேரி மரங்கள் புல்வெளியில் தள்ளித் தள்ளி நிற்கும் பழைய தோப்புகள் ஏராளம். அதற்குச் சொந்தக்காரப் பாட்டி ஒருவரைப் பழக்கம் பிடித்துக்கொண்டால் உங்களுக்கு இடமும் கிடைக்கும், ஆசிரியரும் கிடைப்பார்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. கூட்டாட்சி இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39 ஆம் பிரிவு, நுழையத் தடையில்லாத இடத்தில், சொந்த உபயோகத்துக்கு, சிறு அளவில், செடியைச் சிதைக்காமல் பறித்துக்கொள்ள எல்லோரையும் அனுமதிக்கிறது. கையில் பிடிக்கும் பூங்கொத்து அளவு என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள். விற்கப் பறிப்பதென்றால் அனுமதி வாங்க வேண்டும். இயற்கைக் காப்பகங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் பறிக்கக்கூடாது. பச்சை முக்கோணப் பலகையைப் பார்த்தால் கத்தியை மடித்துவிடுங்கள். காட்டுப்பூண்டைக் கிழங்கோடு பிடுங்குவதும் கூடாது. பயிர் நிற்கும் வயலிலும், புல் வளரும் காலத்தில் விவசாயியின் புல்வெளிக்கு நடுவிலும் இறங்கி நடக்கக்கூடாது. அது அவருடைய மாட்டுத் தீவனம்.

அப்புறம் நரி நாடாப்புழு. கேட்டாலே பலர் கூடையைக் கீழே வைத்துவிடுவார்கள். நரியின் எச்சத்தில் இந்தப் புழுவின் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் இருக்கலாம். உடலுக்குள் போனால் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கல்லீரலில் வளரும். தென் ஜெர்மனியில்தான் அதிகம், அதாவது உங்கள் பகுதியில். ஆனாலும் மனிதருக்கு வருவது மிக அரிது. வந்தவர்களில் நாய் வளர்ப்பவர்களும் விவசாயிகளும் அதிகம். நன்றாகக் கழுவினால் ஆபத்து குறையும், முழுதாகப் போகாது. வீட்டு ஃப்ரீசர் குளிருக்கு முட்டைகள் சாகாது. சமைக்கும் சூட்டில் செத்துவிடும். ஆகவே பச்சையாகச் சாப்பிட விரும்பினால் இந்தச் சிறு ஆபத்தைத் தெரிந்தே ஏற்க வேண்டும். நான் வேலியிட்ட தோட்டத்தில் கிடைப்பதைப் பச்சையாகவும், காட்டில் பறிப்பதை வேகவைத்தும் சாப்பிடுகிறேன். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் காட்டுக் கீரையைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். ஓடையில் வளரும் புருன்னென்கிரெஸ்ஸவும் அப்படித்தான்: மேலே ஆடு மாடு மேய்ந்தால் ஈரல் புழு வரும், சூப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மொபைல் செயலிகள் பற்றியும் கேட்பீர்கள். பூவைக் காட்டினால் நன்றாகவே சொல்கின்றன. இளம் இலையைக் காட்டினால் தடுமாறுகின்றன, ஆனால் தடுமாறுவதைக் காட்டிக்கொள்வதில்லை. பெயர் என்னவாக இருக்கலாம் என்று தேடத் தொடங்க உதவும். தின்னலாமா என்று முடிவு செய்ய உதவாது. அதற்குப் பதில் உங்கள் ஊர் வோல்க்ஸ்ஹோக்ஷூலவில், அதாவது பெரியவர்களுக்கான மக்கள் கல்வி மையத்தில், மார்ச், ஏப்ரலில் நடக்கும் மூலிகை நடைக்குப் பெயர் கொடுங்கள். ஜெர்மன் அரைகுறையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, காட்டுவதைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

சமையலுக்கு வருவோம். சாலட் கலக்கும்போது மூன்றில் இரண்டு பங்கு சாதுவான இலை, அதாவது ஃபெல்ட்சலாட்டும் ஃபோகல்மீரயும் இருக்கட்டும். மீதிதான் கசப்பும் காரமும் புளிப்பும். லோவென்சானை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் கசப்பு இறங்கும். இந்த ஊர் முறை வினிகர், எண்ணெய், கடுகு விழுது, ஒரு சிட்டிகை சர்க்கரை, மேலே வேகவைத்த முட்டை அல்லது சூடாக வறுத்த பன்றிக் கொழுப்பு. சூடான கொழுப்பு இலைமேல் விழுந்ததும் இலை சற்று வாடி, கசப்பு அடங்கும். ஸ்வாபியர்கள் உருளைக்கிழங்கு சாலட்டில் மயோனைஸ் சேர்க்காமல் சூடான இறைச்சிச் சாறு ஊற்றுவார்கள். அதில் ஆக்கர்சலாட்டையோ நறுக்கிய லோவென்சானையோ புரட்டிச் சாப்பிட்டுப் பாருங்கள். சைவர்களுக்குக் காய்கறிச் சாறே போதும்.

ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் போனால் பச்சைச் சாஸ் உண்டு. போராஜ், செர்வில், கிரெஸ், பார்ஸ்லி, பிம்பினெல்ல, சவர்அம்ஃபர், ஷ்னிட்லௌக் என்று ஏழு இலைகளைப் பொடியாக நறுக்கிப் புளித்த க்ரீமில் கலக்கி, முட்டையோடும் உருளைக்கிழங்கோடும் பரிமாறுவார்கள். 2016 முதல் இதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு. இப்போது எல்லாம் தோட்டத்தில் விளைவதுதான், ஆனால் காட்டு இலை சாப்பிட்ட நாக்குக்கு அதன் வேர் எங்கே என்று புரியும்.

நம் அடுக்களைக்கும் இவை நன்றாகவே ஒத்துப்போகும். ஃபோகல்மீரயைப் பொடியாக அரிந்து தயிரில் போட்டுக் கடுகு தாளித்தால் வெள்ளரிப் பச்சடிக்கு மாற்று. லோவென்சானை வல்லாரைச் சம்பல் மாதிரியே செய்யலாம்: மெலிதாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைந்தால் போதும், வல்லாரை தேடி ஆசியக் கடைக்கு அலைய வேண்டாம். காட்டுப்பூண்டை உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாயோடு வதக்கித் துவையல் அரைத்தால் தோசைக்கு அப்படி இருக்கும். காயவைத்தால் அதன் வாசனை போய்விடும். உப்பும் எண்ணெயும் சேர்த்து அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள், அல்லது ஃப்ரீசரில் போடுங்கள்.

தப்பான இலை வயிற்றுக்குள் போய்விட்டதோ என்று சந்தேகம் வந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே உங்கள் மாநில விஷத் தகவல் மையத்தை அழையுங்கள். ஆளுக்கு ஏதாவது செய்தால் 112. சுவிட்சர்லாந்தில் 145. மிச்சமிருக்கும் இலையையும் சமைத்ததையும் எறியாமல் எடுத்துக்கொண்டு போங்கள், மருத்துவருக்கு அதுதான் துப்பு.

இந்த வருடத்துக்கு என் யோசனை இது. மார்ச்சில் ஃபோகல்மீர, ஃபெல்ட்சலாட், லோவென்சான் மூன்றை மட்டும் பறியுங்கள். காட்டுப்பூண்டைத் தெரிந்தவரோடு போய்ப் பாருங்கள், தனியாகப் பறிக்காதீர்கள். ஆனால் அங்கே நடப்பதை நிறுத்திவிடாதீர்கள். மே மாதம் அதே காட்டில் வெள்ளை நட்சத்திரப் பூக்கள் எங்கே, வெள்ளை மணிப்பூக்கள் எங்கே என்று பாருங்கள். முதலாவது காட்டுப்பூண்டு, இரண்டாவது மைக்ளோக்கன். செப்டம்பரில் புல்வெளியில் இலையே இல்லாமல் வெளிர் ஊதாப் பூக்கள் தரையிலிருந்து நேராக முளைத்திருக்கும். அதுதான் ஹெர்ப்ஸ்ட்சைட்லோஸ, இலையும் பூவும் ஒரே பருவத்தில் வராத செடி. அந்த இடங்களையெல்லாம் மொபைல் வரைபடத்தில் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த மார்ச்சில் எந்தப் பக்கம் கூடையோடு போகலாம், எந்தப் பக்கம் போகக்கூடாது என்று இலை முளைக்குமுன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.